அவர் எப்படிப்பட்டவர், அன்று என்ன நடந்தது: தெரிந்தவர் குற்ற வழக்கில் சிக்கினால் செய்ய வேண்டியவை

கடலூரில் ஒருவரைப் போலீஸ் கூட்டிக்கொண்டு போனால், எஃப்.ஐ.ஆர். பதிவாவதற்கு முன்பே தெருமுனை டீக்கடையில் தீர்ப்பு வந்துவிடுகிறது. "அவரா? வாயில்லாப் பூச்சி. அவர் அப்படிச் செய்யவே மாட்டார்" என்று ஒரு பக்கம். "அவனா? செஞ்சிருப்பான், எனக்கு அப்பவே தெரியும்" என்று மறுபக்கம். இரண்டும் ஒரே தப்பு. அந்த நாளில், அந்த நேரத்தில், அந்த இடத்தில் என்ன நடந்தது என்பதைப் பற்றி இரண்டிலும் ஒரு சொல்கூட இல்லை.

அதற்காக, ஒருவரைப் பற்றி நாம் வருஷக்கணக்கில் தெரிந்து வைத்திருப்பது வீண் என்று அர்த்தமில்லை. சட்டம் அதற்கு மூன்று இடங்களில் காது கொடுக்கிறது: ஜாமீன் கேட்கும்போது, நற்பெயர் சாட்சியத்தில், குற்றம் உறுதியான பிறகு தண்டனையைத் தீர்மானிக்கும்போது. இந்த மூன்று இடங்களில் அதை எப்படி வைப்பது, மற்ற இடங்களில் அதை எப்படி அடக்கி வைப்பது என்பதைத்தான் இங்கே சொல்கிறோம். பிரிவு எண்கள் எல்லாம் 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய சட்டங்களின்படி: கைது, ஜாமீன், விசாரணை முறைக்கு நாகரிக் சுரக்ஷா சம்ஹிதா, குற்றங்களுக்கும் தண்டனைக்கும் நியாய சம்ஹிதா, சாட்சியத்துக்குச் சாட்சிய அதினியம்.

முதலில் ஒரு வெள்ளைத்தாள்

சேதி கேட்ட அன்றே, யாரிடமும் அதிகம் பேசுவதற்கு முன், ஒரு தாளை எடுத்து மூன்றாகப் பிரியுங்கள். கண்ணால் பார்த்தது, காதால் கேட்டது, நான் நினைப்பது. முதல் கட்டத்தில் தேதி, மணி, இடம் இல்லாமல் எதையும் எழுதாதீர்கள். "சாயந்திரம் பார்த்தேன்" போதாது. "6:40-க்கு மஞ்சக்குப்பம் மைதானத்துப் பக்கம் சைக்கிளில் போனார், நீலச் சட்டை" என்று எழுதுங்கள். மணி எப்படித் தெரியும் என்பதையும் கூடவே எழுதுங்கள்: பஸ் வந்ததாலா, போன் வந்ததாலா? சாட்சிக் கூண்டில் ஏறும் நாள் பல மாதம், சில சமயம் பல வருஷம் கழித்து வரும். அன்றைக்கு முதல் கேள்வியே இதுவாகத்தான் இருக்கும்.

பெரும்பாலானவர்களுக்கு மூன்றாவது கட்டம்தான் நிரம்பி வழியும். பரவாயில்லை. அதைக் கிழித்துப் போட வேண்டாம், ஆனால் முதல் கட்டத்தோடு கலக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். "15 வருஷமாகத் தெரியும்" என்றால், எந்த விதத்தில் தெரியும் என்று உங்களையே கேளுங்கள். கடையில் எதிரெதிரே நின்று பழகியவருக்கு, அந்த மனிதர் கதவைச் சாத்திய பிறகு வீட்டுக்குள் எப்படி இருக்கிறார் என்பது தெரியாது. தெருவில் தலைகுனிந்து நடப்பவர் மனைவியை அடிப்பவராக இருக்கலாம். குடித்துவிட்டுச் சண்டை போடுபவர் பத்துப் பைசா தொடாதவராகவும் இருக்கலாம்.

சில குற்றங்களில் நல்ல பெயர் எந்தப் பக்கமும் சாட்சி சொல்லாது. சீட்டுப் பணம் கையாடல், சங்கக் கணக்கில் மோசடி, கல்லாவில் கைவைத்தல் போன்றவற்றைச் செய்ய முதலில் ஒருவரிடம் சாவி இருக்க வேண்டும். நம்பிக்கைக்குரியவரிடம்தானே சாவியைக் கொடுக்கிறோம்? ஆகவே "எல்லோரும் அவரை நம்பினார்கள்" என்பது அங்கே ஒன்றையும் நிரூபிப்பதில்லை. குழந்தைகள் மீதான குற்றங்களிலும் இப்படித்தான்.

முதல் 24 மணி நேரம்

இந்தக் கட்டத்தில் அவருடைய குணத்தைப் பற்றிப் பேசி ஒரு நிமிஷத்தையும் வீணாக்காதீர்கள். தெரிந்துகொள்ள வேண்டியவை நான்கு: எந்தக் காவல் நிலையம் (புதுநகரா, முதுநகரா, திருப்பாதிரிப்புலியூரா என்று சரியாக), குற்ற எண் என்ன, எந்தெந்தப் பிரிவுகள், எந்த நடுவர் (மாஜிஸ்திரேட்) முன் எப்போது ஆஜர் செய்யப் போகிறார்கள். எஃப்.ஐ.ஆர். தமிழ்நாடு காவல் துறையின் இணையதளத்தில் கிடைக்கும். பாலியல் குற்றம் போன்ற வழக்குகளில் ஏற்ற மாட்டார்கள், அப்போது முறைப்படி மனுப் போட்டு வாங்க வேண்டும்.

கைதுக்கான காரணத்தைக் கைதானவரிடம் சொல்ல வேண்டும் (நாகரிக் சுரக்ஷா சம்ஹிதா, பிரிவு 47). உறவினருக்கோ அவர் சொல்லும் ஆளுக்கோ தகவல் தர வேண்டும் (பிரிவு 48). மருத்துவப் பரிசோதனை செய்ய வேண்டும் (பிரிவு 53). பயண நேரம் போக 24 மணி நேரத்துக்குள் நடுவர் முன் நிறுத்த வேண்டும் (பிரிவு 58, அரசியல் சாசனத்தின் 22-ஆம் உறுப்பு). உடம்பில் காயம் இருந்தால் அதைச் சொல்ல வேண்டிய இடம் நடுவர் முன்னால்தான். "அய்யா, அடித்தார்கள்" என்று அவரே வாய்விட்டுச் சொன்னால்தான் பதிவாகும். வெளியே நிற்கும் மச்சான் பத்துப் பேரிடம் சொல்லிப் பயனில்லை.

வழக்கறிஞருக்கு வழியில்லை என்றால் 15100 எண்ணுக்குப் பேசுங்கள், அல்லது நீதிமன்ற வளாகத்தில் உள்ள மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகத்துக்குப் போங்கள். காவலில் இருப்பவருக்கு வருமானம் எவ்வளவு இருந்தாலும் இலவச சட்ட உதவி உண்டு. இது பலருக்கும் தெரிவதில்லை. பண்ருட்டி, சிதம்பரம், விருத்தாசலம் பக்கம் என்றால் அந்தந்த வட்ட சட்டப் பணிகள் குழுவிடமே கேட்கலாம். ரிமாண்ட் (காவலில் வைக்க நடுவர் உத்தரவிடும்) நேரத்திலேயே வழக்கறிஞர் பக்கத்தில் இருக்க வேண்டும்; பத்து நாள் கழித்து வந்தால் பாதி வேலை கைநழுவியிருக்கும்.

எல்லையைக் கவனியுங்கள். கன்னியக்கோயில் வந்தாலே புதுச்சேரி. அங்கே பாகூர், அரியாங்குப்பம் போன்ற நிலையங்களில் வழக்கு என்றால் காவல் துறை வேறு, சட்டப் பணிகள் ஆணையம் வேறு, சிறை காலாப்பட்டு. கடலூர் கேப்பர் மலைச் சிறை வாசலில் போய் நின்று அலைய வேண்டாம். மேல்முறையீட்டுக்கு மட்டும் இரண்டு ஊருக்கும் ஒரே சென்னை உயர் நீதிமன்றம்தான்.

செய்யக்கூடாதவை: ஐம்பது பேர் திரண்டு நிலையத்துக்குப் போவது, வெற்றுத்தாளில் கையெழுத்துப் போடுவது, புகார் கொடுத்தவர் வீட்டுக்குச் "சமாதானம் பேச" போவது. மூன்றாவதுதான் மிக மோசம். சாட்சியை மிரட்டினார்கள் என்ற ஒரே வரியில் ஜாமீன் மனு தள்ளுபடியாகும். மிரட்டியது உண்மையானால் அதுவே தனி வழக்கு (நியாய சம்ஹிதா, பிரிவு 232).

அழிந்துபோகும் சாட்சியத்தைப் பிடியுங்கள்

"அவர் அந்த நேரத்தில் அங்கே இல்லவே இல்லை" என்றால், அதைக் காட்டும் பாரம் அவர் தரப்பின் மேல்தான் விழும். வேறிடத்தில் இருந்தார் என்று உறவினர் நான்கு பேர் சொல்வதைவிட ஒரு கேமராப் பதிவு கனமானது. ஆனால் கடைகளின் கேமராப் பெட்டியில் வட்டு நிரம்பியதும் பழைய பதிவின் மேல் புதியது ஏறும். பெட்டியின் கொள்ளளவைப் பொறுத்துச் சில இடங்களில் ஒரு வாரம், சில இடங்களில் ஒரு மாதம். வழக்கறிஞர் மெதுவாகக் கேட்கட்டும் என்று காத்திருந்தால் ஒன்றும் மிஞ்சாது.

கடைக்காரரிடம் அன்றே எழுத்தில் கொடுங்கள்: இன்ன தேதி, இன்ன மணியிலிருந்து இன்ன மணி வரை, அழிக்க வேண்டாம் என்று. அதே கோரிக்கையை விசாரணை அதிகாரிக்கும் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கும் பதிவுத் தபாலில் அனுப்பி ஒப்புகை அட்டையைப் பத்திரப்படுத்துங்கள். பெட்டியில் ஓடும் கடிகாரத்தைக் கைபேசி நேரத்தோடு ஒப்பிட்டு, எத்தனை நிமிஷம் முந்தியோ பிந்தியோ காட்டுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். இந்தக் குறிப்பு இல்லாததால், நல்ல பதிவே "நேரம் பொருந்தவில்லை" என்று ஒதுக்கப்படலாம். பதிவை வாட்ஸ்அப்பில் அனுப்பி வாங்காதீர்கள். அது சுருங்கி மாறிவிடும். பென் டிரைவில் மூலக்கோப்பாக எடுக்க வேண்டும். சாட்சிய அதினியத்தின் 63(4) பிரிவுச் சான்றிதழில் அந்தக் கோப்பின் ஹாஷ் மதிப்பை (கோப்பு மாறவில்லை என்று காட்டும் குறியீடு) குறிப்பிட்டு, கருவியைப் பொறுப்பில் வைத்திருந்தவரும் ஒரு நிபுணரும் தனித்தனியே கையெழுத்திட வேண்டும்.

நெய்வேலியிலோ சிப்காட்டிலோ ஷிப்டு வேலை என்றால் வருகைப் பதிவு, சுங்கச்சாவடியைக் கடந்திருந்தால் ஃபாஸ்டேக் விவரம், மருத்துவமனை ஓ.பி. சீட்டு, பஸ் டிக்கெட் என எல்லாம் உதவும். தர மறுக்கிறார்களா? நாகரிக் சுரக்ஷா சம்ஹிதாவின் 94-ஆம் பிரிவின் கீழ் தாக்கல் செய்யச் சொல்லி நீதிமன்றமே உத்தரவிடலாம். புகார் கொடுத்தவர் தரப்பில் இருப்பவர்களுக்கும் இந்தப் பகுதி அப்படியே பொருந்தும்.

ஜாமீன்: உங்கள் வார்த்தைக்கு முதல் மதிப்பு இங்கே

ஜாமீன் மனுவில் "நல்லவர்" என்று எழுதுவதால் பயனில்லை. நீதிமன்றம் பார்ப்பது வேறு: ஓடிவிடுவாரா, சாட்சியைக் கலைப்பாரா, மறுபடி செய்வாரா? உங்களுக்குத் தெரிந்ததை இந்தக் கேள்விகளுக்குப் பதிலாக மாற்றிக் கொடுங்கள். சொந்த வீடா, எத்தனை வருஷமாக அதே முகவரி, வேலை எங்கே, பிள்ளைகள் எந்தப் பள்ளியில், வீட்டில் படுத்த படுக்கையாக யார், முன்பு வழக்கு உண்டா. ஒவ்வொன்றுக்கும் ஒரு காகிதம் வேண்டும்.

ஜாமீன்தாரர்கள் வழக்கமாக இருவர். ஒருவர் ரத்த உறவாக இருக்க வேண்டும் என்று உத்தரவிலேயே வருவதுண்டு. ஆதார், குடும்ப அட்டை, வீட்டு வரி ரசீது, புகைப்படம் எல்லாம் கையில் இருக்கட்டும். கையெழுத்துப் போடும் முன் ஒன்றை யோசியுங்கள்: அவர் வாய்தாவுக்கு வராமல் போனால் பத்திரத்தில் எழுதிய தொகை உங்களிடம் வசூலாகும். நிஜமாகவே நம்பினால் மட்டும் போடுங்கள். வளாகத்துக்கு வெளியே காசுக்கு ஜாமீன்தாரர் பிடித்துத் தருகிறோம் என்பவர்களிடம் போகவே கூடாது. பொய் ஆவணம் தெரியவந்தால் ஜாமீன் ரத்தாகி, இன்னொரு குற்ற வழக்கும் சேரும்.

குணத்துக்கு வேலையே இல்லாத ஜாமீன் ஒன்றும் உண்டு. மரணம், ஆயுள், 10 வருஷமோ அதற்கு மேலோ தண்டனை உள்ள வழக்கில் 90 நாளுக்குள், மற்றவற்றில் 60 நாளுக்குள் குற்றப்பத்திரிகை தாக்கலாகவில்லை என்றால் ஜாமீன் உரிமையாகிவிடும் (நாகரிக் சுரக்ஷா சம்ஹிதா, பிரிவு 187). போதைப்பொருள் போன்ற சில தனிச் சட்டங்களில் இந்தக் கணக்கு மாறும். எண்ணத் தொடங்குவது கைதான நாளிலிருந்து அல்ல, ரிமாண்ட் நாளிலிருந்து. அந்த நாளையும் சேர்த்து எண்ண வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2023-இல் சொன்னது. மார்ச் 1 ரிமாண்ட் என்றால் ஏப்ரல் 29-ஆம் தேதி 60-ஆம் நாள், 30-ஆம் தேதி காலையே மனு உள்ளே போய்விட வேண்டும். மத்தியானம் குற்றப்பத்திரிகை வந்து, அதன் பிறகு நீங்கள் மனுப் போட்டால் உரிமை போய்விட்டது. ரவுடி என்று பெயர் எடுத்தவருக்கும் இதே கணக்குத்தான்.

நற்பெயர் சாட்சியம்: திறந்தால் மூட முடியாத கதவு

குற்ற வழக்கில் எதிரியின் (குற்றம் சாட்டப்பட்டவரைச் சட்டத்தமிழில் இப்படித்தான் சொல்வார்கள்) நற்குணம் சட்டப்படி பொருத்தமான விஷயம். சாட்சிய அதினியத்தின் 47-ஆம் பிரிவு அதை அனுமதிக்கிறது. ஆனால் அதன் அளவு சின்னது. ஊரில் அவருக்குள்ள பொதுவான பெயர், அவருடைய பொதுவான சுபாவம் ஆகிய இரண்டைத்தான் சொல்லலாம். "சுனாமி வந்தபோது மூன்று பேரைக் காப்பாற்றினார்" என்பது குறிப்பிட்ட ஒரு செயல், அதற்கு இடமில்லை. "இதை அவர் செய்திருக்க மாட்டார்" என்பது உங்கள் தீர்ப்பு, அதற்கும் இடமில்லை. "20 வருஷமாகப் பக்கத்து வீடு. சாதுவானவர், சண்டை சச்சரவுக்குப் போகாதவர் என்றுதான் தெருவில் பெயர்" என்பது சரியான பதில்.

சாட்சியாகக் கூப்பிடும் ஆளுக்கு அவரை நெடுநாள் தெரிந்திருக்க வேண்டும், அவரால் ஆதாயம் இருக்கக்கூடாது, குறுக்கு விசாரணையில் கோபம் வரக்கூடாது. கட்சிக்காரர், கடன் வாங்கியவர், சம்பந்தி எல்லாம் வேண்டாம். எதிரியை நாகரிக் சுரக்ஷா சம்ஹிதாவின் 351-ஆம் பிரிவின் கீழ் நீதிபதி கேள்வி கேட்டு முடித்து, "உங்கள் தரப்பில் சாட்சி உண்டா?" என்று கேட்கும் கட்டத்தில்தான் இவர் வருவார்.

இதில் பெரிய ஆபத்து ஒன்று இருக்கிறது. சாட்சிய அதினியத்தின் 49-ஆம் பிரிவின்படி எதிரியின் பழைய கெட்ட பெயரை அரசுத் தரப்பு தானாக எடுத்துவர முடியாது. நீங்கள் நற்பெயரைக் கொண்டுவந்த அந்த நிமிஷம், பதிலுக்கு அவர்கள் கெட்ட பெயரைக் கொண்டுவரலாம். முன்பு ஒரு வழக்கில் தண்டனை பெற்றிருந்தால் அதுவும் உள்ளே வரும். வழக்கறிஞரிடம் பழைய வழக்கை மறைத்துவிட்டு "எங்க அண்ணன் தங்கம்" என்று சாட்சி கொண்டுவருபவர்கள் தாங்களே அண்ணனைக் கவிழ்க்கிறார்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் நற்பெயர் சாட்சியம் மிகப் பலவீனமானது என்று 1960-களிலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. நேரடிச் சாட்சியம் பலமாக இருந்தால் அது நிற்காது. சந்தேகத்தில் தராசு ஊசலாடும்போது எதிரிப் பக்கம் கொஞ்சம் சாய்க்கும், அவ்வளவே. தெருவில் 300 கையெழுத்து வாங்கித் திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் கலெக்டரிடம் மனுக் கொடுக்கிறார்களே, விசாரணை நீதிமன்றத்தில் அது சாட்சியமே இல்லை. அந்த 300 பேரில் கூண்டில் ஏறத் தயாராக இருக்கும் ஒருவரைத் தேடுங்கள்.

புகார் கொடுத்த பெண்ணின் குணத்தைத் தோண்டுவதற்கு இந்த வாசல் கிடையாது. பாலியல் குற்றங்களில் சம்மதம் பற்றிய கேள்வியில், பாதிக்கப்பட்டவரின் குணமோ முந்தைய உறவுகளோ பொருத்தமற்றவை என்று சாட்சிய அதினியத்தின் 48-ஆம் பிரிவு தெளிவாகச் சொல்கிறது. "அவ எப்படிப்பட்டவன்னு தெரியாதா" என்று தெருவில் பேசுவது அநியாயம். அதை வழக்கறிஞரிடம் போய் "பாயிண்ட்" என்று கொடுப்பது வழக்குக்கும் கேடு.

கெட்ட பெயர் உள்ளவர் சிக்கினால்

நியாயமான விசாரணை நிஜமாகவே நடக்கிறதா என்று தெரிவது இங்கேதான். பகுதியில் பைக் காணாமல் போகிறது. பழைய வழக்கு உள்ள ஒருவர் பெயரைப் புகாரிலேயே எழுதிவிடுகிறார்கள். எழுதாதீர்கள். பார்த்ததை மட்டும் எழுதுங்கள். சந்தேகம் இருந்தால் "சந்தேகிக்கிறேன், காரணம் இது" என்று காரணத்தோடு எழுதுங்கள். தப்பான ஆளின் பெயர் எஃப்.ஐ.ஆரில் ஏறினால் விசாரணை அந்தப் பக்கமே ஓடும். அதற்குள் எடுத்தவன் பைக்கைப் பிரித்து விற்றிருப்பான். பிறகு சரியான ஆளே பிடிபட்டாலும், "முதலில் வேறு பெயர் சொன்னீர்களே" என்ற ஒரு கேள்வி போதும்.

அவருக்காக வாதாட வழக்கறிஞர்கள் யாரும் வர மாட்டோம் என்று சங்கத்தில் தீர்மானம் போட்டால் அது செல்லாது. கோயம்புத்தூரில் எழுந்த வழக்கொன்றில் 2010-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது இது. வாதாடுபவர் குற்றத்துக்கு ஆதரவாக நிற்பதில்லை, நிரூபித்துக் காட்டு என்று கேட்கிறார்.

போட்டோ பரப்பாதீர்கள்

பிடிபட்டவரின் படத்தை வாட்ஸ்அப் குழுவில் போடுபவர், பாதிக்கப்பட்டவருக்கு உதவுவதாகவே நினைக்கிறார். நடப்பது நேர்மாறு. முன்பின் தெரியாத ஆள் செய்த குற்றத்தில், நீதித்துறை நடுவர் முன்னிலையில் சிறையில் அடையாள அணிவகுப்பு நடக்கும். ஒத்த வயது, ஒத்த தோற்றம் உள்ள பலரோடு அவரையும் நிறுத்தி, சாட்சியை அடையாளம் காட்டச் சொல்வார்கள். சாட்சி ஏற்கெனவே போனில் படத்தைப் பார்த்திருந்தால் அந்த அணிவகுப்புக்கு மதிப்பே இல்லை. உண்மையான குற்றவாளியே தப்பிக்க அந்த ஒரு படம் போதும். பாலியல் வழக்கில் பாதிக்கப்பட்டவரை அடையாளம் காட்டும் எதை வெளியிட்டாலும் 2 வருஷம் வரை சிறை (நியாய சம்ஹிதா, பிரிவு 72). தெருப்பெயர், பள்ளிப்பெயர், அப்பாவின் வேலை எல்லாம் அடையாளம்தான்.

ஊர்க்கூட்டத்தில் ஒப்புக்கொள்வது

"கற்பூரத்தை அணைத்துச் சத்தியம் பண்ணு, இல்லை ஒத்துக்கோ, விட்டுடறோம்." இதற்குப் போகாதீர்கள், யாரையும் தள்ளவும் செய்யாதீர்கள். போலீசிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தை எதிரிக்கு எதிராக நிரூபிக்க முடியாது (சாட்சிய அதினியம், பிரிவு 23). ஆனால் ஊர்ப் பெரியவரிடமோ கிராம நிர்வாக அலுவலரிடமோ சொன்னது, நீதிமன்றத்துக்கு வெளியே கொடுத்த ஒப்புதலாக வழக்கில் வர முடியும். மிரட்டி வாங்கியது என்று காட்டினால் அது விழும். ஆனால் காட்ட வேண்டிய பாடு உங்களுடையது. அபராதம், ஊர்விலக்கம் என்று தீர்ப்புச் சொல்லும் கட்டப்பஞ்சாயத்துகள் சட்டவிரோதம் என்று தமிழ்நாட்டு வழக்கொன்றில் 2011-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. சின்ன அடிதடி, அவதூறு போன்ற சிலவற்றில் சமாதானம் செய்துகொள்ளச் சட்டமே வழி வைத்திருக்கிறது (நாகரிக் சுரக்ஷா சம்ஹிதா, பிரிவு 359). அதையும் நீதிமன்றத்தில்தான் பதிய வேண்டும்.

தண்டனை நேரம்

குற்றம் நிரூபணமாகிவிட்டால், "அவர் செய்யவில்லை" என்று தெருவில் பேசிக்கொண்டிருப்பதால் அவருக்கு உதவியில்லை. மேல்முறையீடு ஒரு பக்கம் நடக்கட்டும். மரணமோ ஆயுளோ தண்டனையாக இல்லாத குற்றங்களில், 1958-ஆம் வருஷத்து நன்னடத்தைச் சட்டத்தின் 4-ஆம் பிரிவைக் கேட்கச் சொல்லுங்கள். சிறைக்கு அனுப்பாமல் நன்னடத்தைப் பத்திரத்தில் விடலாமா என்று தீர்மானிக்க, குற்றத்தின் தன்மையோடு குற்றவாளியின் குணத்தையும் பார்க்கச் சொல்லி அந்தப் பிரிவே எழுதியிருக்கிறது. எல்லா வழக்கிலும் கிடைக்காது, ஆனால் கேட்காமல் கிடைக்கவே கிடைக்காது.

நீதிமன்றம் கேட்டால் நன்னடத்தை அலுவலர் வீடு தேடி வருவார். அக்கம்பக்கம் விசாரிப்பார்: வேலைக்கு ஒழுங்காகப் போவாரா, குடிப்பழக்கம் உண்டா, வீட்டில் பொறுப்பு யாருடையது, வெளியே வந்தால் யார் பார்த்துக்கொள்வார்கள். இத்தனை நாள் சொல்லாமல் வைத்திருந்த, வெள்ளைத்தாளின் அந்த மூன்றாவது கட்டத்தை இப்போது எடுங்கள். நல்லதோடு குறையையும் சேர்த்துச் சொல்லுங்கள். குறையே இல்லாத மனிதர் என்று சொன்னால் அலுவலர் நம்ப மாட்டார். கூடவே முதலாளியின் கடிதம், பிள்ளைகளின் பள்ளிச் சான்று, மருத்துவச் சீட்டுகளின் நகல் ஒரு கோப்பில் இருக்கட்டும்.